கோழிகளுக்கு எட்டடி வேலி

பாப்பா அம்மாவுக்கு,

நான் நல்லபடியாக இருக்கிறேன். என் அம்மாவுக்கு முட்டிவலி இப்போது தேவலையா?

நம் தெருவுக்குள் சிறுத்தை வந்து நாயைத் தூக்கிப்போனதாக எழுதியிருந்தாய். அதிகாரிகள் வந்து, “பிள்ளைங்கள வெளிய விடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். புதர் ஓரம் இருக்கும் கழிவறையை வீட்டுக்குள் தூக்கி வைத்துவிட்டா போனார்கள்?

இங்கே எனக்குக் கோழிப்பண்ணைக்கு வேலி கட்டும் வேலை. எட்டடி உயரம், மண்ணுக்குள் இரண்டடி. நேற்று ஒரு கூத்து. காட்டு மிருகம் நுழைய எங்கேயாவது சந்து இருக்கிறதா என்று பார்க்க, ஒல்லியான ஆள் என்று மேஸ்திரி என்னைத் தவழ விட்டார். ஓரிடத்தில் உள்ளே நுழைந்தேவிட்டேன். “நல்லவேளை, கோழிங்க பொழச்சுது!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். முழங்கையில் லேசான சிராய்ப்புதான், கவலைப்படாதே.

தவழ்ந்தபடி நிமிர்ந்தால், ஒரு கோழி என் கண்ணுக்கு நேராக நின்றது. புதருக்குள்ளிருந்து பார்த்தால், கழிவறைப் பக்கம் குந்தியிருக்கும் பாப்பாவும் இப்படித்தான் தெரிவாள். அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லீவில் வந்ததும் நம் வீட்டுக்கும் வேலி கட்டுகிறேன். பாப்பா இப்போது எவ்வளவு உயரம் என்று எழுது. கிளம்பும்போது பார்த்த அளவுதான் என் கண்ணில் நிற்கிறது. வாசலிலிருந்து கழிவறை வரை எத்தனை அடி என்றும் அளந்து எழுது. பட்டப்பகலில் அள. டேப்பின் மறுமுனையைப் பிடிக்கப் பாப்பாவைக் கூப்பிடாதே.

மேஸ்திரி கூப்பிடுகிறார்.

பாப்பா அப்பா