கழட்டின ஸ்பிரிங்குகள்

ஏப்ரல் 21, 2009, செவ்வாய்

இண்டைக்கு இரண்டு துவக்குக்கு ஸ்பிரிங் மாத்தினன். இரண்டும் உலகப் போரில நிண்ட பழைய 303 ரைபிள். என்னைவிட வயது கூட, என்னைவிட நல்லா வேலை செய்யும். ஊசியைத் தள்ளுற ஸ்பிரிங் மட்டும் அறுபது வருசமாய் அமுங்கிக் கிடந்து களைச்சுப் போச்சு. புதுசுக்குப் பக்கத்தில வைச்சால் கட்டையாய்த் தெரியுது. துவக்குத் திருத்துற கடை முதலாளி வோல்ட்டர் பழசைக் குப்பையில போடச் சொல்லுறான். எங்கட ஆக்களுக்கு இரும்பை எறிய மனம் வருமே? பிஸ்கட் ரின்னில சேத்துக் கராஜில வைச்சிருக்கிறன்.

யூஜினியைப் பொறுத்தவரை அவளின்ர புருசன் இங்க கனடாவில, ரெக்ஸ்டேலில தையல் மெசின் திருத்துறான். ஆறு மாதமாய் அப்பிடித்தான் சொல்லி வைச்சிருக்கிறன். அவளின்ர அண்ணன் அலெக்ஸாண்டரை மன்னாரில வீட்டு வாசலில வைச்சுச் சுட்டவங்கள். எந்தப் பக்கம் எண்டு இண்டைக்கும் தெரியாது. மகள் ஸ்டெபனிக்குத் தண்ணித் துவக்குக்கூட வாங்க விடாதவள். அவளிட்டப் போய் உண்மையைச் சொல்லுறதோ? எனக்கு உயிரில ஆசை.

ஏப்ரல் 26, ஞாயிறு

சேர்ச்சில பூசை முடிய யோகராணி அன்ரி காருக்குப் பின்னால இருந்து ஒரு பழைய தையல் மெசினைத் தூக்கி என்ர கையில தந்தா. "தம்பி, துணி நகருதில்லை. நீர்தானே உதுக்கு டொக்டர்." யூஜினி பக்கத்தில நிண்டு பெருமையாய்ச் சிரிக்கிறாள். நானும் சிரிச்சன். என்ர சீவியத்தில தையல் மெசின் ஒண்டைத் திறந்து பாத்ததில்லை.

ஏப்ரல் 29, புதன்

துணியை அமத்துற காலுக்கு மேல ஒரு ஸ்பிரிங் இருக்கு. செத்துக் கிடந்தது. அட, எனக்குத் தெரிஞ்ச வருத்தமெல்லோ! ரின்னில இருந்து ஒண்டை எடுத்து, அளவுக்கு வெட்டி, முனையைத் தீட்டிப் போட்டன். ஜீன்ஸ் துணி நாலு மடிப்பு — சும்மா பறக்குது. துவக்குக்குக் கிழடு, மெசினுக்கு இளந்தாரி. ஓ.எல். சோதினை இரண்டு தரம் எடுத்த மூளை, சும்மாவே!

மே 10, ஞாயிறு

ஊரில சண்டையை நிப்பாட்டச் சொல்லி எங்கட சனம் ஹைவேயை மறிச்சு நிக்குது. மெசினை அன்ரி எங்கட வீட்டிலயே விட்டிட்டா. யூஜினி அவையள் கையில கட்டக் கறுப்புப் பட்டி தைக்கிறாள். "நூறு தைச்சிட்டன், ஒரு தையல் தவறேல்லை. உங்கட கைக்கு முத்தம் குடுக்கோணும்" எண்டாள். கையை மேசைக்குக் கீழ ஒளிச்சன்.

மே 18, திங்கள்

சண்டை முடிஞ்சுதாம். ரிவி சொல்லுது.

இங்க விக்ரோறியா டே, ராணி பேரில லீவு நாள். பொழுதுபட வாணம் விடத் தொடங்கிட்டாங்கள். முதல் வெடிக்கே யூஜினி ஸ்டெபனியின்ர தலையை அமத்திக்கொண்டு குனிஞ்சிட்டாள். கனடாவுக்கு வந்து பதினெட்டு வருசம். நான் யன்னலைப் பூட்டினன். வேற என்ன செய்ய?

மே 20, புதன்

சொல்லிப்போட்டன். தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்கேக்க, ஒரேயடியாய். மெசினுக்குள்ள இருக்கிற ஸ்பிரிங்கையும் சேத்து.

சத்தம் போடுவாள் எண்டு நினைச்சன். கோப்பையைக் கழுவி வைச்சிட்டு மெல்லமாய்க் கேட்டாள்: "அண்ணாவைச் சுட்ட துவக்குக்கும் ஆரோ ஒருத்தன் ஸ்பிரிங் மாத்திக் குடுத்திருப்பான், என்ன?"

"இது இங்க வெள்ளையள் மட்டையில குறிபாத்துச் சுடுறதுக்கு—" எண்டு தொடங்கினன். எனக்கே கேக்கச் சகிக்கேல்லை.

மே 23, சனி

மெசின் மூடினபடி கிடக்கு. நானும்.

ஜூன் 6, சனி

கடைக்குப் போட்டு வர, வாசலிலயே மெசின் சத்தம். ஊரில அகதி முகாமில இருக்கிற பிள்ளையளுக்குச் சட்டை தைக்கிறாள். மேசையில என்ர பிஸ்கட் ரின் திறந்து கிடக்கு.

"இருநூற்றிப் பதினாலு. எண்ணிப்போட்டன். எல்லாம் துவக்கில இருந்து கழட்டினதோ?"

"ஓம்."

"கழட்டின இடத்தில?"

"புதுசு போட்டனான்."

"கழட்டுறதோட நிக்கேலாதோ?"

"அதுக்குப் பேர் களவு, யூஜினி."

சிரிச்சிட்டாள்! பதினேழு நாளைக்குப் பிறகு. உடனே முகத்தை இறுக்கிக்கொண்டு சொன்னாள்: "பங்குக் கோயிலில இன்னும் ஒன்பது மெசின் பழுதாய்க் கிடக்காம். அன்ரி கேட்டவா. ரின்னில இருக்கிறதே அதுக்குக் காணும். இனிக் கழட்டப் போகாதேங்கோ."

ஜூன் 8, திங்கள்

வோல்ட்டரிட்ட வேலையை விடுறன் எண்டு சொன்னன். மனுசன் திகைச்சுப் போனான். வேற எங்க வேலை எண்டு கேட்டான்.

"தையல் மெசின் திருத்துறன்" எண்டன்.

இந்த முறை பொய் இல்லை.