சாம்பல் நிறக் கார்

மார்ச் 3, செவ்வாய்

சீருடை பீரோவுக்குள் போயிற்று. இனி வீட்டு உடுப்பும் சாம்பல் நிறக் காரும்தான். காரில் எழுத்து இல்லை, பட்டை இல்லை, கூரையில் விளக்கு இல்லை. முன்கண்ணாடிக்கு உள்ளே சிவப்பும் நீலமுமாய்ச் சின்ன விளக்கு ஒன்று. பொத்தானை அழுத்தினால்தான் நாங்கள் போலீஸ். அதுவரை ரோட்டில் போகிற யாரோ.

கூட வருபவர் ஏட்டு. வயதில் மூத்தவர், அண்ணன் என்றே கூப்பிடுகிறேன். "யாரோ ஆஸ்பத்திரிக்குப் போற குடும்பம் மாதிரி மூஞ்சிய வச்சுக்கம்மா. முறைக்காத" என்றார்.

ராத்திரி அக்கா கேட்டாள்: "அப்ப நீ போலீஸா, திருடனா?" இருவரும் சிரித்தோம்.

மார்ச் 11, புதன்

போனில் பேசிக்கொண்டே ஓட்டுகிறவர்கள், சிக்னலில் பாய்கிறவர்கள் எல்லாரும் தானாக வந்து மாட்டுகிறார்கள். போலீஸ் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது மனிதர்கள் எப்படி ஓட்டுகிறார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஆனால் விளக்கு எரிந்ததும் அவர்கள் கண்ணாடியில் பார்ப்பார்களே, அந்த முகம். பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டது போல இருக்கிறது எனக்கு. அதனால் எல்லாரிடமும் ஒன்றையே சொல்லி ஆரம்பிக்கிறேன்: "பதறாதீங்க. முதல்ல… மூச்சு விடுங்க."

"டாக்டரம்மா வந்துட்டாங்கப்பா," என்று அண்ணன் கேலி செய்கிறார்.

மார்ச் 19, வியாழன்

பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி ஸ்டேஷனுக்கு வந்தாள். நேற்று நீர்த்தேக்கச் சாலையில் எங்கள் கார் தன்னை நிறுத்தியதாம்.

நேற்று எங்கள் கார் பிரேக் வேலைக்காகப் பட்டறையில் நின்றது.

அதே நிறம், கண்ணாடிக்கு உள்ளே அதே விளக்கு என்கிறாள். இஸ்திரி போட்ட சட்டையில் ஓர் ஆள் இறங்கி வந்து ஏதோ அட்டையைக் காட்டி, அவள் காரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "ஓட்டுங்க" என்றானாம். கொஞ்ச தூரம் போனதும், "இங்க நிறுத்துங்க. நன்றி." இறங்கி, தன் கார் நின்ற இடத்துக்கு வந்த வழியே நடக்க ஆரம்பித்துவிட்டான். கண்ணாடியில் சிறுத்துக்கொண்டே போனானாம்.

எதையும் எடுக்கவில்லை. தொடவில்லை. மிரட்டவும் இல்லை.

"எதுவும் பண்ணலையே, அப்புறம் என்ன புகார்?" என்றார் எழுத்தர்.

"எதுவும் பண்ணலைங்க. அதான் தூக்கம் வரல," என்றாள்.

மார்ச் 20

ஊரில் எத்தனை சாம்பல் கார்கள். இதுவரை கண்ணில் பட்டதே இல்லை.

மார்ச் 28, சனி

இன்னும் இரண்டு பெண்கள் வந்து இதையே சொல்லிவிட்டுப் போனார்கள். ஏறி உட்கார்ந்தான், ஓட்டச் சொன்னான், இறங்கினான்.

அதிகாரியிடம் போய் நின்றேன். காருக்குப் பட்டை அடியுங்கள், இல்லை இப்படி ஒருவன் திரிகிறான் என்று ஊருக்கு அறிவியுங்கள் என்றேன்.

"பட்டை அடிச்சா அப்புறம் எதுக்கும்மா இந்தக் கார்? அறிவிச்சா நாளையிலேர்ந்து ஒருத்தனும் நமக்கு நிக்க மாட்டான்."

அவர் சொல்வதும் சரிதான். அதுதான் சிக்கல். எங்களுக்கு நிற்பதும் அவனுக்கு நிற்பதும் ஒரே நம்பிக்கை.

ஏப்ரல் 6, திங்கள்

காலையில் பனிமூட்டம். முன்னால் ஒரு சின்னச் சிவப்புக் கார் எல்லை மீறிய வேகத்தில் போனது. ஒரு பெண், தனியாக. அண்ணன் விளக்கைப் போட்டார். அவள் வேகத்தைக் குறைத்தாள். கண்ணாடியில் பார்த்தாள். மறுநொடி கார் பாய்ந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. "அண்ணே, அணைங்க. அணைங்க அத," என்று கத்தினேன். அணைத்தார். அது இன்னும் மோசம். போலீஸ் என்றால் ஏன் விளக்கை அணைக்க வேண்டும்? நானாயிருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். வளைவில் அவள் கார் பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்தது.

ஓடினேன். உயிர் இருக்கு, கண்ணு முழிச்சிருக்கு, அது போதும், அது போதும். என்னைப் பார்த்ததும் வலியோடவே கையை நீட்டிக் கதவப் பூட்டிக்கிட்டா. அட்டையைக் கண்ணாடியில் வைத்துக் காட்டினேன்.

"அவனும் காட்டினான்," என்றாள் உள்ளேயிருந்து.

அவளையும் அவன் நிறுத்தியிருக்கிறான். வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பின்னால் நகர்ந்து, அவள் பார்க்கும்படி ரோட்டிலேயே உட்கார்ந்து இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டேன். எழுத்து போட்ட போலீஸ் வண்டி வந்து நின்ற பிறகுதான் திறந்தாள். மணிக்கட்டு எலும்பு முறிந்திருக்கிறது.

ஏப்ரல் 7

வேலைக்குப் போகவில்லை. "அந்தப் பொண்ணு உன்னப் பாத்தா பயந்தா?" என்று அக்கா கேட்டாள். ஆமாம் என்றேன். என் தட்டில் இன்னொரு தோசை வைத்தாள்.

ஏப்ரல் 17, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

இன்று விடுமுறை. அக்காவை ரயில் ஏற்றிவிட்டு என் சொந்தக் காரில் திரும்பினேன். வெயில் இறங்கவில்லை. நீர்த்தேக்கச் சாலையில் பின்னால் ஒரு சாம்பல் கார். அண்ணன் இந்தப் பக்கம் எதுக்கு வர்றார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு சிவப்பு, நீலம். அண்ணனுக்கும் இன்று விடுமுறை.

ஓட்டிக்கொண்டே போயிருக்கலாம். சிவப்புக் கார்ப் பெண்ணின் மணிக்கட்டு கண்முன் வந்தது. இன்று விட்டால் நாளை இன்னொருத்தி. அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுத்தார். பேசாமல் போனை சீட்டுக்கு இடையில் செருகிவிட்டு ஓரம் கட்டினேன்.

ஐம்பது வயதிருக்கும். நடந்து வரும்போது என் காரின் பின்பக்கத்தைக் கையால் ஒரு தரம் தொட்டார். நான் அப்படித்தான் தொடுவேன். கதவுக்கு ஓர் எட்டு பின்னால் நின்றார். நான் அப்படித்தான் நிற்பேன். லேசாகக் குனிந்தார்.

"பதறாதீங்க. முதல்ல… மூச்சு விடுங்க."

குரல் அவருடையது. ‘முதல்ல’வுக்குப் பிறகு வந்த இடைவெளி என்னுடையது.

பின்கதவைத் திறந்து உட்கார்ந்தார். "ஓட்டுங்க."

ஓட்டினேன். கண்ணாடியில் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர் போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீர்த்தேக்கம் தாண்டியாச்சு. எங்க போகணும் சார்?" என்று போனுக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

"நேரா."

நேராகப் போனால் எங்கள் ஸ்டேஷன். அது அவருக்குத் தெரியுமா? தெரிந்தேதான் சொன்னாரா?

"எல்லாரும் நிக்கறாங்க, பாருங்க," என்றார் திடீரென்று. "ஒருத்தர்கூட நீ யாருன்னு கேக்கறதில்ல."

"நான் கேக்கறேன். யாரு நீங்க?"

கண்ணாடியில் முதல்முறையாக என்னைப் பார்த்தார். சட்டைப் பையில் இருந்த அட்டையைத் தொட்டார், எடுக்கவில்லை. பிறகு மெதுவாக, "இங்க நிறுத்துங்க," என்றார்.

நிறுத்தவில்லை. அவரும் மறுபடி சொல்லவில்லை. ஸ்டேஷன் வாசலில் அண்ணன், பனியனோடு, ஒரு காலில் மட்டும் செருப்போடு. வண்டியை உள்ளே திருப்பினேன். பின்சீட்டில் இருந்தவர் தானாகவே கதவைத் திறந்து இறங்கினார்.

"நன்றி," என்றார் என்னிடம்.

ஏப்ரல் 18, சனி

அவர் மனைவி வந்தார். "தினமும் ஆபீஸ் போறேன்னுதான் கிளம்புவாரு. வேலையிலேர்ந்து அவர எப்பவோ எடுத்துட்டாங்களாம். இன்னிக்குத்தான் எனக்கே தெரியுது," என்றார். அழவில்லை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

எங்கள் கார் வந்த புதிதில் நான்தான் அவரை நிறுத்தினேனாம். "ரொம்ப நாள் கழிச்சு அன்னிக்குத்தான் ஒருத்தர் எங்கிட்ட நின்னு பேசினாங்க," என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். எவ்வளவோ யோசித்துப் பார்க்கிறேன். அந்த முகம் எனக்கு நினைவில்லை.

கையில் கட்டோடு சிவப்புக் கார்ப் பெண்ணும் அடையாளம் காட்ட வந்தாள். அவர்தான் என்று சொல்லிவிட்டுப் போகும்போது என் எதிரில் நின்றாள். "நீங்க ரோட்டுல உக்காந்திருந்தீங்களே, அப்பவும் நான் நம்பல," என்றாள். நம்பாததுதான் சரி என்றேன்.

‘பதறாதீங்க, மூச்சு விடுங்க’ என்ற அந்த இரண்டு வாக்கியமும் இனி என் வாயில் வராது.

மே 12, செவ்வாய்

போன வாரம் புது அறிவிப்பு வந்தது: அடையாளமில்லாத கார் விளக்கைப் போட்டால் அங்கேயே நிற்க வேண்டியதில்லை, இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு, ஆட்கள் இருக்கிற இடம் வரை மெதுவாகப் போகலாம். அதிகாரி வேண்டாவெறுப்பாகத்தான் கையெழுத்துப் போட்டார்.

இன்று மதியம் சிக்னலைத் தாண்டிய ஒரு பெண்ணுக்கு விளக்கைப் போட்டோம். இண்டிகேட்டர் எரிந்தது. நிற்கவில்லை. மாட்டுவண்டி வேகத்தில் முன்னே போனாள், பின்னால் நாங்கள். பெட்ரோல் பங்கில், ஆட்களுக்கு நடுவே போய் நின்றாள்.

கண்ணாடி விரலளவு இறங்கியது. "கார்டக் குடுங்க. ஸ்டேஷனுக்குப் போன் போட்டுக் கேக்கறேன்."

கொடுத்தேன். கண்ணாடி மேலே ஏறியது. என் பெயரையும் எண்ணையும் உள்ளே ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"நம்மளையே வெயில்ல காய விட்டுட்டாளே," என்றார் அண்ணன்.

"காயட்டும் அண்ணே," என்றேன். அவள் கேட்டு முடிக்கும் வரை நின்றோம்.