மெடல் வாங்கிய படம்

புத்தூர், வெள்ளி இரவு.

டெல்லியில் மெடல் வாங்கிய படமென்று, கதை தெரியாமல், அண்ணன் மதியம் என்னைக் கொட்டகைக்கு அழைத்துப் போனான். பிள்ளையில்லை என்று துரத்தப்பட்டவளைப் புருஷன் தேடி வந்து அழைத்துப் போகிற கட்டத்தில் கொட்டகையே அழுதது. ஆண்கள் பக்கம் பார்த்தேன். அதே காரணம் சொல்லி என்னை அனுப்பிவிட்டு வேறொருத்தியைக் கட்டிக்கொண்டவர், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் சைக்கிள் எடுக்கப் போனபோது வாசலில் எதிரே வந்துவிட்டார். அவர் ஊர் திருத்தணி எங்கள் ஆந்திராவிலிருந்து பிரிந்து மெட்ராஸோடு சேர்ந்த பிறகு இன்றுதான் பார்க்கிறேன்.

"நல்லாக்கீறியா?"

தலையாட்டினேன்.

"அந்தப் பொண்ணு ரொம்பப் பாவம்மே" என்றார், படத்தில் வந்தவளை. ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டார்.

"இதுக்கு மெடலு குடுத்தது நாயம்தானே?" என்று அண்ணன் வழியெல்லாம் கேட்டான்.

நியாயம்தான் என்றேன். ஐந்து வருஷம் அவர் முன்னால் அழுதிருக்கிறேன். ஒருநாளும் அவர் கண் கலங்கியதில்லை.