மிஷின் சொன்னதும் நான் சொன்னதும்

7 மார்ச் 1994, திங்கள்
அவசரப் பிரிவுக்குப் புது இ.சி.ஜி. மிஷின் வந்துவிட்டது. கோடு மட்டும் போடாதாம். கோட்டைப் படித்து, என்ன நோய் என்று அடியில் இங்கிலீஷில் அச்சடித்தும் தருமாம். புது நர்ஸ் ஷாந்தினிக்கு வாயெல்லாம் பல். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அவளுக்கென்ன. எனக்கு எரிச்சல்தான். ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாகச் சேர்ந்தபோது, டாக்டர் இல்லாத அங்கே வைத்தியம் பார்த்த தம்புசாமி டிரெஸர் காகிதத்தையா கேட்டார்? "கமலவேணி, நாடி என்னம்மா சொல்லுது?" என்பார். விரலை வைத்துக்கொண்டே முகத்தைப் பார்ப்பேன், பாதி அங்கேயே தெரிந்துவிடும். அந்தக் காலம் நன்றாகத்தான் இருந்தது.

15 மார்ச்
லாரி ஓட்டுநர் ஒருவருக்கு மாரடைப்பு என்று அடித்துத் தந்தது. பார்த்தால், ஒரு வயர் கழன்றிருக்கிறது. எல்லாரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே.

24 மார்ச், வியாழன்
எழுதவே கை வரவில்லை.
மதியம் இரண்டு மணிக்குப் பாக்கியலட்சுமி அக்கா வந்தார். லூபோக் சீனா தோட்டத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. நான் நர்ஸ் படிப்புக்குப் புறப்பட்ட அன்று என் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தவர். இப்போது புக்கிட் ரம்பாயில் ஃபேக்டரி வேலை. வியர்த்துப்போய், மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அங்கின்லா வேணி, வேற ஒண்ணுமில்ல" என்றார். அந்த அங்கின், வயிற்றுக் காற்று, அக்காவைப் பிடிப்பது எனக்குத் தெரியாதா? பால்மரம் வெட்டிய நாளிலிருந்தே உள்ளதுதான்.

மிஷின் மாரடைப்பு என்றது. வயரைப் பார்க்கச் சொன்னேன். ஷாந்தினி பார்த்துவிட்டு இன்னொரு தடவை எடுத்தாள். மறுபடியும் அதே. டாக்டர் ஒரு விபத்துக் கேஸில் இருந்தார். இவரை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும், டாக்டரைத் தொந்தரவு பண்ணாதே என்று காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். வயிற்று மருந்து கொடுத்து முதுகைத் தடவிவிட்டேன். தோட்டத்துக் கதைகூடப் பேசினோம் — நாற்பது நிமிடம். அக்காவின் உதடு நீலம் பாய்ந்தது. ஷாந்தினிதான் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தாள்.

நான் என்ன செஞ்சிட்டேன்? படிச்சவதானே நான்? அந்த மொகத்தப் பாத்துக்கிட்டேதானே இருந்தேன்?

25 மார்ச்
உயிர் இருக்கிறது. தாயே.

30 மார்ச்
அக்காவைச் சாதாரண வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். அவர் கணவர் அங்கமுத்து அண்ணன் எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தார். தெரிந்தவள் பக்கத்தில் இருந்ததால்தான் பிழைத்தாளாம். வாங்கிக்கொண்டேன். பாவி, வாங்கிக்கொண்டேனே.

2 ஏப்ரல்
நடந்ததை மேட்ரனிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். பிறகு அக்காவிடம் போனேன். மிஷின் முதலிலேயே சொன்னது, நான்தான் டாக்டரிடம் காட்டவில்லை என்றேன். அக்கா கட்டிலில் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார்.

"நான் படிக்காதவ, அங்கின்னு சொன்னேன். நீயும் அதையே சொல்லலாமா, வேணி?"



19 மே, வியாழன்
அக்கா மறுபரிசோதனைக்கு வந்தார். தோட்டத்தில் இருந்தவரை ஒரு தலைவலி மாத்திரையைக்கூட என்னிடம் காட்டாமல் விழுங்கமாட்டார். இன்று நலம் விசாரித்ததற்குத் தலையை மட்டும் ஆட்டினார். ஷாந்தினிக்கு லீவு, நான்தான் வயர்களை ஒட்டினேன்.

காகிதம் வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று அச்சடித்திருந்தது. சொல்ல வாயெடுத்தேன். அக்கா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. என்னிடம் ஒன்றும் கேட்காமல், டாக்டர் அறை வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்.