பூட்டி வைத்த செருப்பு

ஆகஸ்ட் 4, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். மலை முழுக்க மூட்டம். அங்கன்வாடிக்கு ஒன்பது பிள்ளைகள்தான். எடை, உயரம் எடுத்தாயிற்று. ஒவ்வொரு பாதத்தையும் கட்டைவிரலால் அழுத்தி மூன்று எண்ணிப் பார்த்தேன். குழி விழுந்து அப்படியே நின்றால் வீக்கம். வீங்கிய பிள்ளையின் எடையை நம்பக் கூடாது என்பது பயிற்சியில் முதல் பாடம். இன்று யாருக்கும் இல்லை.

மதியம் என் வீட்டுக்காரரையும் தாய்மார் எடைக் கருவியில் ஏற்றினேன். 68.4! கதிர் சிகிச்சை முடிந்த அன்று 61. மலக்குடலில் புற்று என்று சொன்னதும் கை கால் ஓடவில்லை எனக்கு. ஆனால் எடை ஏற்றுவது நமக்குக் கைவந்த வேலை அல்லவா. சாமையை நிறுத்தி வெள்ளைச் சோறு, நெய், வாழைப்பழம். கொள்ளு, முட்டை, கறி எல்லாம் சூடு, தள்ளி வைத்தேன்.

இவர் அக்கா வந்து பார்த்தாள். "இன்னாம்மா, தம்பி புது மாப்ள கணக்கா கீறான்! கத்தி வெச்சாலும் தாங்குவான்." பெருமை தாங்கவில்லை எனக்கு.

நாளை ஆபரேஷனுக்காகக் கீழே ஆஸ்பத்திரிக்கு. எடுத்து வைக்க: ஸ்கேன் கவர், ஆதார், காப்பீட்டு அட்டை, வேட்டி 3, போர்வை, பிளாஸ்க், இவர் செருப்பு.

செருப்பு அங்கன்வாடி பீரோவில். பத்து வாரமாக நான்தான் பூட்டி வைத்திருக்கிறேன். விட்டால் சாமைக் கொல்லைக்குக் கிளம்பிவிடுவார். "ஒரு நடை போய்ட்டு வர்றேன் டீச்சரு" என்பார். ஊரே டீச்சர் என்கிறது, இவருக்கும் நான் டீச்சர்தான். "படுங்க" என்பேன். படுத்துவிடுவார். இன்று எடுத்துக் கொடுத்தால் கால் நுழையவில்லை! பாதம்கூடத் தேறிவிட்டது என்று சிரித்தேன். அவரும் சிரித்தார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

முதல் பஸ். இவர் வெறுங்காலோடு, செருப்பு பையில். அமிர்தி இறக்கத்தில் எனக்குத்தான் வாந்தி.

எழுதவே கை வரவில்லை.

டாக்டரம்மா சின்ன வயசு. கம்ப்யூட்டரில் இரண்டு படம் காட்டினார். பலாப்பழத்தைக் குறுக்கே அறுத்த மாதிரி இவர் இடுப்பு. ஒன்று ஆரம்பத்தில் எடுத்தது, ஒன்று இன்று எடுத்தது. முதுகெலும்பைச் சுற்றியிருக்கும் சாம்பல் நிறம்தான் சதையாம். இரண்டாவது படத்தில் அது பாதியாகத் தெரிந்தது. உள்ளே கறுப்பாகக் கொழுப்பு.

"எடை ஏறிருக்கேங்க" என்றேன்.

"ஏறினது கொழுப்பும் தண்ணியும்மா. சதை கரைஞ்சு போச்சு. ஆபரேஷனைத் தாங்குறதும் புண்ணை ஆத்துறதும் சதைதான்."

பிறகு குனிந்து இவர் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். நான் மனசுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. விரலை எடுத்தார்.

குழி. இரண்டு காலிலும்.

எத்தனை வருஷமாக எத்தனை பிள்ளைகளின் காலை அழுத்தியிருக்கிறேன். கட்டினவர் காலை ஒரு தரம் தொட்டுப் பார்க்கவில்லை. நேற்று அதைப் பார்த்துத்தான் சிரித்தேன்.

தள்ளிப்போட முடியாதாம், கட்டி வழியை அடைத்துக்கொண்டு வருகிறதாம். வெள்ளிக்கிழமை ஆபரேஷன்.

ஆகஸ்ட் 6, புதன்

கவரில் கதிர் சிகிச்சையின்போது கொடுத்த தாள். முன்பக்கம்: எடை குறையாமல் பார்த்துக்கொள்ளவும். பின்பக்கம் இன்றுதான் திருப்பினேன். தினமும் நடை. முட்டை, பருப்பு, மீன்.

பிள்ளையின் வளர்ச்சி அட்டையைத் திருப்பிப் பார்க்காத தாய்மாரை என்னமாய்த் திட்டியிருக்கிறேன்!

இவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலை 8 மணிக்கு உள்ளே. மதியம் 2:40க்கு வெளியே. கட்டி முழுசாக வந்துவிட்டதாம். குடலை வெட்டி ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். அது பிடிக்க வேண்டும். இவர் அக்கா போனில், "சொன்னேன்ல!" என்றாள். போனை வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையில் காய்ச்சல் 102. வயிறு கல். தொட்டால் முகம் சுளிக்கிறார். வயிற்றிலிருந்து வரும் குழாயில் நேற்றுவரை சிவந்த நீர், இன்று பழுப்பு. நாற்றம். நர்ஸ் பார்த்துவிட்டு ஓடினார். நர்ஸ் ஓடி நான் பார்த்ததில்லை.

ஒட்டுப்போட்ட இடத்தில் கசிவு. உடனே திரும்பத் திறக்க வேண்டும். கையெழுத்துப் போட்டேன். என் பெயரே எனக்கு மறந்துபோனது.

டாக்டரம்மாவிடம் கேட்டேவிட்டேன். "நான் படுக்க வெச்சதாலயாங்க?"

"யாருக்கும் வரலாம்மா. சதை கொறைஞ்சவங்களுக்குக் கொஞ்சம் அதிகமா வருது. இதாலதான்னு என்னால சொல்ல முடியாது."

இல்லை என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

உயிரோடு இருக்கிறார். வயிற்றில் ஒரு பை, மலம் அதில். மூச்சுக்குக் குழாய். கண் திறக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்றேன். கேன்டீனில் இட்லி வாங்கினேன். எதற்கு வாங்கினேன்?

ஆகஸ்ட் 15, வெள்ளி

குழாயை எடுத்துவிட்டார்கள். முதல் பேச்சு: "சாமைக்குக் களை எடுத்தாங்களா?" எடுத்தார்கள் என்றேன். பொய். பை மாற்ற நர்ஸ் சொல்லிக் கொடுத்தார். முதல் தரம் பை வழுக்கிப் போர்வையெல்லாம் கொட்டியது. இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தாளின் பின்பக்கத்தைச் சொல்லிவிட்டேன். செருப்பையும் சேர்த்து. திரும்பவே இல்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

வெயில். இரண்டு நாளாகக் காய்ச்சல் இல்லை. காலை முட்டை வெள்ளை இரண்டு, பருப்புத் தண்ணீர் ஒரு டம்ளர். கால் வீக்கம் வடிந்துவிட்டது. வடிந்த பிறகுதான் நிஜமான கால் தெரிகிறது. புளியமரத்து உச்சியில் நின்று கிளை உலுக்கின கால். கெண்டைச் சதை இருந்த இடத்தில் தோல் தொங்குகிறது.

பத்து மணிக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்தாள். "ஐயா, இன்னைக்கு எழுந்து நிக்கலாம். முடிஞ்சா நடக்கலாம். வாங்க."

இவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். மூன்று நாளாக என் முகத்தைப் பார்க்காதவர்.

"செருப்ப குடுக்கறியா டீச்சரு?"

கேலி இல்லை. அனுமதி கேட்கிறார்.

பையிலிருந்து எடுத்து நானே மாட்டிவிட்டேன். கால் நுழைந்தது. இரண்டு விரல் இடம் மிச்சம்.

எடை எழுதவில்லை. நடந்தது ஆறு அடி.