தொண்ணூறாம் எண்

ஜூன் 10, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. அண்ணன் ரிமோட்டில் அழுத்தும் எண்கள் பேச்சா, வெறும் விரல் பழக்கமா? தெரியவில்லை. பக்கவாதம் வந்து இரண்டு வருடம். வாயில் ‘ம்’ மட்டும். இடது கையில் ரிமோட்.

குறித்து வைத்தவை:

31 – சமையல் சேனல். பசி.
64 – வானிலை. ஜன்னலைத் திற.
12 – ஜெபக் கூட்டம். மைனியை, அவர் மனைவியை, கூப்பிடு.
90 – எப்போதோ நின்றுபோன அரபுச் சேனல். வெறும் கறுப்புத் திரை. எல்லாரும் வெளியே போங்கள்.

இந்த அர்த்தங்கள் நான் கொடுத்தவை. சில நாள் சரி. சில நாள் 31 அழுத்திவிட்டு, கொண்டுபோன தட்டைத் தள்ளுகிறார். சேனல் வரிசை மட்டும் அவர் போட்டது, மஸ்கட்டிலிருந்து திரும்பிய வருடம்.

நேற்று கரண்ட் போய்ப் போய் வந்ததில் டிஷ் ரிசீவர் பாதியில் நின்றுவிட்டது. படம் இல்லை. அண்ணன் பகல் முழுக்க அழுத்திக்கொண்டே இருந்தார்.

ஜூன் 11, புதன்

கல்லூரிக்கு அரை நாள் விடுப்பு. ஜங்ஷனில் ஜஸ்டின் கடை. டிவி, ரிசீவர் எல்லாம் பார்க்கிறவன். ரிசீவர் பெட்டியைப் பார்த்ததும்,

“சாஃப்ட்வேர் அடிச்சுப் போச்சு டீச்சர். புதுசா கேத்தினா அர மணிக்கூர்ல ரெடி.”

“பழைய வரிசை?”

“அது போவும். பின்ன சேர்ச் போட்டா எல்லா சேனலும் வரும்லா.”

“தொண்ணூறு?”

“ஓடாத சேனல் எப்பிடி டீச்சர் வரும்? கறுப்புதான் வேணும்னா டிவிய ஆஃப் பண்ணுங்க.”

கடையில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். குடையை அங்கேயே மறந்தேன்.

வீட்டில் மைனி: “ஏட்டி, ஒனக்கு எதுக்கு இந்த வாசி, இவ்ளவு பிடிவாதம்? அவிய சும்மா அமுக்குறாவ. நீதான் அர்த்தம் சொல்லிட்டு இருக்க.”

இருக்கலாம். ஆனால் அதை ஜஸ்டினுடைய அரை மணிக்கூர் தீர்மானிக்க வேண்டாம்.

ஜூன் 12, வியாழன்

கல்லூரி எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்திலிருந்து ஜேடாக் கருவி. பதிவேட்டில் கையெழுத்து. காரணம் என்ற இடத்தில் ‘சொந்த வேலை’.

பெட்டியைத் திறந்தேன். உள்ளே கடற்காற்றின் உப்பு, வெள்ளையாக. பெரிய சில்லுக்குப் பக்கத்தில் வரிசையாகக் காலித் துளைகள். ஜேடாக்கின் வழி அதுதான். பெட்டி எழும்பாவிட்டாலும் அந்த வழியாக உள்ளே போய், நினைவகத்தில் இருப்பதை, சேனல் வரிசை உட்பட, அப்படியே கணினிக்கு நகலெடுக்கலாம். ஐந்து கம்பி பற்றவைத்தேன். ஒரு விரலில் சூடு.

மூன்று மணி நேரம் ஓடியது. இரண்டாவது முறையும் எடுத்து ஒப்பிட்டேன். இரண்டும் வேறு வேறு. எது நிஜம்? எதுவும் இல்லை.

மைனி எட்டிப் பார்த்து, “ஆச்சா?”

“இல்ல.”

“சொன்னேம்லா.”

ஜூன் 13, வெள்ளி

தப்பு என்னுடையது. கடைக்குக் கொண்டுபோய் வந்ததிலிருந்து, பெட்டியை டிவி மேசையிலிருந்து நகர்த்தினால் அண்ணன் ‘ம், ம்’ என்று எழும்பப் பார்க்கிறார். அதனால் பெட்டி அவர் அறையில், கணினி சாப்பாட்டு மேசையில், நடுவே இரண்டு பாகம், பன்னிரண்டடி நீளத்துக்குக் கம்பி. அவ்வளவு நீளத்தில் சிக்னல் கெடும். முதல் வருட மாணவிகளிடம் இதற்கு மதிப்பெண் குறைப்பேன்.

கணினியை அவர் கட்டில் அருகே கொண்டுவந்தேன். கம்பியை ஒரு சாணாக வெட்டினேன். கால்மாட்டில் உட்கார்ந்து இரண்டு முறை நகல். ஓர் எழுத்து வித்தியாசம் இல்லை. நம்பாமல் மூன்றாவதும். அதுவும் அதே. கடைசிப் பகுதியில் சேனல் பெயர்கள் ஒழுங்காக நிற்கின்றன. தொண்ணூறும்.

பென்டிரைவ் இரண்டு. ஒன்று வேதாகமப் பெட்டியில், ஒன்று அரிசி டப்பாவுக்கு அடியில்.

ஜூன் 14, சனி

ஜஸ்டினை வரச் சொன்னேன். குடையோடு வந்தான்.

“இனி சாஃப்ட்வேர் கேத்து.”

கேத்தினான். படம் வந்தது. அண்ணன் 31 அழுத்தினார். ஒரு பெண் நெக்லஸ் விற்றாள். 64. குஸ்தி. ரிமோட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவன் போன பிறகு, நகலில் இருந்த சேனல் பகுதியை மட்டும் பெட்டியில் எழுதினேன். 31 சமையல். 64 மழை. 90 கறுப்பு. அண்ணன் தூங்கியிருந்தார். ரிமோட்டை நிமிர்த்தி இடது கைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

கோயில் முடிந்து வந்ததும், வரிசை திரும்பியதைப் பார்க்க ஜஸ்டின். கட்டிலைச் சுற்றி மூன்று பேரும்.

அண்ணன் 31 அழுத்தினார். மைனி புட்டும் பழமும் கொண்டுவந்தாள். தள்ளிவிட்டார். மறுபடியும் 31. மறுபடியும் தள்ளினார். மைனி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

“மனசுல வைக்காதீங்க டீச்சர்,” என்று ஜஸ்டின் தொடங்கினான். “நம்ம வல்லியப்பனும் கடைசில இப்பிடித்தான், கையில என்ன கெடச்சாலும் அமுக்கிட்டே...” நிறுத்தவில்லை. தாத்தாவின் ஆஸ்பத்திரி, டாக்டர், சாவு வரை போனான்.

அண்ணன் 9 அழுத்தினார். பிறகு 0.

திரை கறுப்பு.

“ஐயோ, பின்னயும் போச்சா?” என்றான் ஜஸ்டின்.

“போவல. எழும்பு,” என்றேன்.

மைனி தட்டை எடுத்துக்கொண்டு முதலில் போனாள். பின்னால் ஜஸ்டின். கடைசியாக நான். கதவைச் சாத்தினேன்.