பின்னால் போன பக்கம்

14:05. காற்று: 120 நிமிடம்

நிலாத் தளம், வெளிவாசல் அறை. எழுதுவது ரெஜினா, மென்பொருள் பொறியாளர். அழுத்தம் குறைந்ததால் உள்கதவு பூட்டிக்கொண்டது, நான் இதற்குள் மாட்டிக்கொண்டேன். கதவு நிரல் அறுநூறு சுற்று சரிபார்த்த பிறகுதான் திறக்கும். சுற்றுக்கு ஒரு விநாடி, பத்து நிமிட வேலை. எல்லாமே பிரவுசரில் ஓடுகிறது. சுவரில் இருப்பது சின்னத் திரை, ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் தெரியும். நிரலை ஓடவிட்டு இந்தக் குறிப்பேட்டுப் பக்கத்துக்கு வந்தேன். பூமியில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஞானம் அனுப்பும் செய்தியும் இதில்தான் வரும்.

14:35. காற்று: 90

முப்பதே சுற்று. ஓடிய நேரத்தை வகுத்து அளந்தேன்: சுற்றுக்கு அறுபது விநாடி. எந்த மடையன் எழுதிய நிரல் இது? நான்தான். வரைபடம் வரையும் பகுதியை வெட்டிவிட்டு முதலிலிருந்து ஓடவிட்டேன்.

ஞானம்: “யக்கா, பதறாதீங்க. ஒவ்வொண்ணா அளந்து எழுதி வைங்க, நாங்களும் பாக்கோம்.”

15:20. காற்று: 45

நாற்பத்தைந்து சுற்று. அதே அறுபது விநாடி. பாதி நிரலைத் தூக்கிவிட்டேன், மீண்டும் ஓடுகிறது. இங்கேயே உட்கார்ந்து ஞானத்தின் பதிலுக்குக் காத்திருக்கிறேன். பயமாக இருக்கிறது.

15:53. காற்று: 12

ஞானம்: “யக்கா, கதவு நிரல் பக்கத்த திரையில முன்னால வச்சி அளந்தீங்களா? பின்னால போன பக்கத்த பிரவுசர் மெதுவாக்கிரும்லா. எழுதுறத நிறுத்துங்க.”

முழு நிரலையும் புதிதாக ஓடவிட்டு, பக்கத்தை முன்னால் வைத்துப் பார்த்தேன். பத்து விநாடியில் பத்து சுற்று. நிரலில் ஒரு குறையும் இல்லை. இருபது வருடமாக அளந்த கையோடு எழுதி வைத்துப் பழகியவள் நான். எழுத வந்தபோதெல்லாம் கதவை நானே நிறுத்தியிருக்கிறேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மிச்சம் 590 சுற்று, பத்து நிமிடம். காற்று பன்னிரண்டு. 15:55-க்குள் இந்தப் பக்கத்தை மூடியாக வேண்டும். என் அளவு தப்பென்றால் என்ன ஆவது? இரண்டு நிமிடத்தை மகளுக்குக் கொடுக்கிறேன்.

15:54. காற்று: 11

எப்சி, கிளம்பும் அன்று நீ போனை எடுக்காததில் எனக்குக் கோபமில்லை. பொய், இருந்தது. இங்கே வந்தும் ஒரு மாதம் இருந்தது. உனக்குப் பிடிவாதம் என்னிடமிருந்துதான் வந்தது, அப்பாவைக் குறை சொல்லாதே. முடியை வெட்டிக்கொண்டாயாமே, படம் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. அப்புறம் அந்த

15:56. காற்று: 9

மணியைப் பார்க்கவில்லை, எப்சி. உன்னிடம் பேசிக்கொண்டே இருந்துவிட்டேன்.